இடது கன்னத்துப் புள்ளி

மகளுக்கு மூன்று வயது முடிந்த மாதம், காய்ச்சல் தடுப்பூசி போடுவதற்காக அவளை வைட்ஃபீல்டில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிப் போயிருந்தேன். ஊசி போட்டதும் அழுதாள். டாக்டர் அவள் கண்ணீரைப் பஞ்சால் துடைத்துவிட்டு, துடைத்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். இடது கன்னத்தில், காதுக்கும் வாய்க்கும் நடுவில், மிளகைவிடச் சின்னதாக ஒரு பழுப்புப் புள்ளி. "எஷ்டு தினதிந்த இதே?" என்று கன்னடத்தில் கேட்டார். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்கிறார். புரிந்தது. பதில்தான் வரவில்லை.

எனக்குக் கன்னடம் தெரியாது என்று நினைத்து அவர் தமிழுக்கு மாறினார். "பொறந்ததுல இருந்தே இருக்கா, இப்போ வந்ததா?"

இருந்தது என்று நினைக்கிறேன் என்றேன். அடுத்த மூச்சில், இல்லை, இப்போதுதான் கொஞ்ச நாளாகப் பார்க்கிறேன் என்றேன். இரண்டுமே பொய் இல்லை. அந்தப் புள்ளியை எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும் என்பது போலவும் இருந்தது, அப்போதுதான் முதல் தடவை பார்ப்பது போலவும் இருந்தது.

அவர் பயமுறுத்தவில்லை. சாதாரண மச்சமாகத்தான் இருக்கும் என்றார். கைக்குழந்தையிலிருந்தே இருந்து, கன்னம் வளர வளர அதுவும் கூட வளர்ந்திருந்தால் பேசாமல் விட்டுவிடலாம். புதிதாக வந்து, நாலைந்து மாதத்தில் இந்த அளவுக்கு வளர்ந்திருந்தால் கொஞ்சம் சரியாகப் பார்க்க வேண்டும். அடுத்த வியாழக்கிழமை தோல் டாக்டர் இங்கே வருவார், அவரிடம் காட்டிவிடலாம். வரும்போது பழைய போட்டோக்கள் எடுத்து வாருங்கள், கன்னம் தெளிவாகத் தெரிகிற மாதிரி இருந்தால் போதும். "போட்டோ இருக்கும்ல? இந்தக் காலத்து அம்மாங்ககிட்ட வேற எது இல்லன்னாலும் அது இருக்கும்," என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். போட்டோ விஷயத்தில் நான் ஒழுங்கானவள். காலை எட்டு மணிக்கு அலுவலக வண்டி பிடித்து இரவு ஏழு மணிக்குத் திரும்புகிறவள் நான். பார்க்காமல் விட்ட பகல்களுக்கு ஈடு செய்வது போல, பார்க்கிற நேரத்தில் எடுத்துத் தள்ளினேன். மாதத்துக்கு ஓர் ஆல்பம். வெளியூர் போனால் அதற்குத் தனி. மைசூர், ஊட்டி, மகாபலிபுரம். எடுத்த அன்றே உட்கார்ந்து கண் மூடியது, கோணலானது, யாருடைய முழங்கையோ குறுக்கே வந்தது எல்லாவற்றையும் நீக்கிவிடுவேன். மிஞ்சுவதெல்லாம் நன்றாக இருக்கும். உறவினர்கள் பாராட்டுவார்கள். எனக்கும் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் ஒரு நிம்மதி உண்டு. நான் நல்ல அம்மாதான் என்று அந்தப் படங்கள் சொல்வது போல இருக்கும்.

வீட்டுக்கு வந்து மகளைத் தூங்க வைத்துவிட்டு மைசூர் ஆல்பத்தைத் திறந்தேன். அப்போது அவளுக்குப் பதினான்கு மாதம். அரண்மனை வாசலில் மஞ்சள் கவுன், அப்பாவின் தோளில். கன்னம் சுத்தமாக இருந்தது. விலங்குக் காட்சி சாலையில் ஒட்டகச்சிவிங்கிக்கு முன்னால். சுத்தம். பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கன்னம் பாலாடை போல இருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே அப்படித்தான். அப்படியானால் இது புதிதாக வந்ததுதான். எப்போது வந்தது, நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

ஊட்டி ஆல்பத்துக்குப் போனபோதுதான் எனக்கு நான் செய்த காரியம் நினைவுக்கு வந்தது.

மகள் பிறந்து நான் மறுபடி வேலைக்குப் போன பிறகு, ஒன்றரை வருடம் என் மாமியார் திங்கள் முதல் வெள்ளி வரை எங்களோடு இருந்தார். காலையில் குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டதும் கண்மையைத் தொட்டுக் கன்னத்தில் ஒரு பொட்டு வைப்பார். திருஷ்டிப் பொட்டு. வெளியூர் கிளம்பும் நாட்களில் அது கொஞ்சம் பெரிதாகும். கூட்டத்தில் நாலு கண் படும் என்பது அவர் கணக்கு. நான் அதைத் தடுத்ததே இல்லை. நம்பிக்கை இல்லை என்று சொல்லவும் தைரியமில்லை, இருக்கிறது என்று சொல்லவும் கூச்சம். ஆனால் படத்தில் அந்தக் கறுப்பு என் கண்ணை உறுத்தியது. போனில் அழிக்கிற வசதி இருந்தது. வேண்டாததைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டால் போதும், பக்கத்துத் தோலை எடுத்து அந்த இடத்தில் ஒட்டி நிரவிவிடும். முதலில் ஒரு படத்தில் செய்தேன். பிறகு எல்லாவற்றிலும். அழித்தது தனிப் படமாகச் சேரும். அழிக்காத மூலப் படத்தை நீக்கிவிடுவேன். ஒரே படம் இரண்டாக இருப்பது எனக்குப் பிடிக்காது. இடத்தையும் அடைக்கும்.

இப்போது கேள்வி இதுதான். நான் அழித்தது பொட்டை மட்டும்தானா?

பொட்டு வைக்காத நாளின் படத்திலும் கன்னத்தில் ஏதாவது தெரிந்திருந்தால், நேற்றைய மையின் மிச்சம் என்று அதையும் அழித்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேங்காயெண்ணெய் தொட்டு அவள் கன்னத்தைத் தேய்த்தது போலவும், அது போகவில்லை என்று விட்டுவிட்டது போலவும் ஒரு நினைவு வந்தது. உண்மையிலேயே நடந்ததா, நடந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நானே செய்துகொண்ட நினைவா என்று பிடிபடவில்லை. கேமராவில் முகத்தை வழவழப்பாக்கும் வசதி வேறு, வாங்கிய நாளிலிருந்தே தானாக ஓடிக்கொண்டிருந்தது. அதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் தட்டை வைத்துவிட்டு வந்து மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "இது இருந்துச்சே," என்றார். எப்போதிலிருந்து என்றதும், "இருந்துச்சுன்னா இருந்துச்சு. தேதியா எழுதி வச்சிருக்கேன்?" என்றார். பிறகு என் போனை வாங்கிக் கொஞ்ச நேரம் தள்ளிப் பார்த்தார். அவருடைய நெற்றியில் சின்ன வயதில் விழுந்து தையல் போட்ட தழும்பு ஒன்று உண்டு. "இன்னா, என் தழும்பைக் கூட எடுத்துட்டியா?" என்றார். நான் எடுக்கவில்லை, போனே எடுத்துவிட்டது என்றேன். "நல்ல போன்தான். எங்க பரம்பரையையே தொடைச்சி வச்சிருக்கு," என்றார். எனக்கு அழுகை வருவது தெரிந்து பேச்சை மாற்றினார். அம்மாவைக் கேள், வைத்தது அவங்கதானே, எந்தக் கன்னம் என்று அவங்களுக்குத் தெரியும் என்றார்.

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பொட்டு எப்போதும் வலது கன்னத்தில் என்றால், இடது கன்னத்தில் நான் எதையாவது அழித்திருந்தால் அது மச்சமாகத்தான் இருக்க வேண்டும். மாமியாருக்குப் போன் செய்தேன். புள்ளியைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அவர் பயந்துவிடுவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அழித்ததைச் சொல்ல வேண்டி வருமே என்பதுதான் நிஜக் காரணம்.

"அத்தை, பாப்பாவுக்கு நீங்க எந்தக் கன்னத்துல பொட்டு வைப்பீங்க?"

"வலது. எதுக்கு கேக்கற?"

"சும்மாதான் அத்தை."

"சும்மா யாராவது பொட்டைப் பத்திக் கேப்பாங்களா? புள்ளைக்கு உடம்பு நல்லாதானே கீது?"

நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுத்த மூன்று நாள் எனக்கு ஒரே வேலை. அழிப்பான் போன இடத்தில் தோல் கொஞ்சம் கூடுதலாக வழுவழுவென்றிருக்கும். உற்றுப் பார்த்தால் தண்ணீர் காய்ந்த தடம் போல ஒரு வட்டம் தெரியும். அலுவலக வண்டியில், மதிய இடைவேளையில், மீட்டிங் தொடங்கக் காத்திருக்கும்போது, ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கி அந்த வட்டத்தைத் தேடினேன். வண்டியில் பக்கத்தில் உட்காரும் பெண் எட்டிப் பார்த்து, குழந்தையை விட்டுவிட்டு வர மனசே இல்லை போல என்று பரிவாகச் சொன்னார். தலையாட்டினேன்.

மைசூர் அரண்மனைப் படத்தில் வட்டம் இடது கன்னத்தில் இருந்தது. மனசு குதித்தது. அடுத்த படத்தில் வலது கன்னத்தில். அது நானே கையை நீட்டி எடுத்தது. முன்பக்கக் கேமராவில் எடுத்தால் கண்ணாடியில் பார்ப்பது போல இடது வலதாகிவிடும் என்பது ஞாபகம் வந்து, கணவரின் கைக்கடிகாரம் எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்தேன். அவர் இடது கையில் கட்டுகிறவர், படத்தில் கடிகாரம் வலது கையில். அப்படியானால் வலது என்று தெரிவது இடது. ஆனால் அடுத்த படத்தில் கடிகாரமே இல்லை. அதற்கடுத்ததில் என் முந்தானை எந்தத் தோளில் என்று பார்த்தேன். அன்றைக்கு நான் சுடிதார். ஊட்டியில் பின்னால் இருந்த கடையின் பலகையில் எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று போனால், அந்தப் பலகையும் படத்தைக் கெடுக்கிறது என்று முன்பே அழித்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் என் இடது கை எது, வலது கை எது என்பதே சந்தேகமாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் மகளை எதிரே உட்கார வைத்து, என் கையை நீட்டி, அவளுக்கு இடது எனக்கு வலது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அவளும் கையை நீட்டி அதையே திருப்பிச் சொன்னாள், விளையாட்டு என்று நினைத்து.

புதன்கிழமை நான் வந்து நின்ற இடம் இது: சில படங்களில் இடது, சில படங்களில் வலது, பலவற்றில் தெரியவில்லை. மாமியார் சொன்னது சரி என்றால் பதினான்கு மாதத்திலேயே மச்சம் இருந்திருக்கிறது. அவர் சொன்னது தப்பு என்றால் ஒன்றுமே தெரியாது. கிளினிக்குக்குப் போன் செய்து வியாழக்கிழமையை ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். தள்ளிப் போட்டது சரியா என்று அன்று முழுக்க யோசித்தேன். புள்ளி வளர்ந்துகொண்டிருந்தால் ஒரு வாரம் என்பது ஒரு வாரம்.

சனிக்கிழமை கணவரும் மகளும் வீட்டில் இருக்க, நான் மட்டும் மெட்ரோவில் இந்திராநகர் வரை போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்து ஈஜிபுராவுக்குப் போனேன். மாமனாரும் மாமியாரும் அங்கே ஒரு சந்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். தங்கவயல்காரர்கள், தங்கச் சுரங்கம் மூடியதும் இங்கே வந்து, மாமனார் போன வருடம் வரை ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்தார். நான் தனியாக வந்ததைப் பார்த்ததும் மாமியாரின் முகம் மாறியது. மகன் ஏன் வரவில்லை, சண்டையா என்று கேட்டார். போட்டோ பார்க்க வந்தேன் என்றேன். அது சண்டையைவிட விசித்திரமாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

மைசூர் போய் வந்த பிறகு நான் ஒரு போட்டோப் புத்தகம் செய்து இரண்டு பிரதி அச்சடித்திருந்தேன். ஒன்று எங்களுக்கு, ஒன்று இவர்களுக்கு. எங்களுடையதைப் பார்த்துவிட்டேன், அதில் ஒன்றுமில்லை. இவர்களுடையதிலும் அதே படங்கள்தான், அதனால் அதைப் பார்க்க நான் வரவில்லை. மாமனாரின் போனில் இருப்பதைக் கேட்கத்தான் வந்தேன். அவர் பால் வாங்கக் கீழே போயிருந்தார். காத்திருக்கும் நேரத்தில், டிவிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையோடு சாய்த்து வைத்திருந்த புத்தகத்தை எடுத்துத் திறந்தேன்.

அரண்மனை வாசல். மஞ்சள் கவுன். இடது கன்னத்தில் புள்ளி இருந்தது.

என் படம். நான் அழித்த படம். எங்கள் பிரதியில் பாலாடையாக இருந்த கன்னத்தில், இங்கே ஒரு புள்ளி. ஒரு நொடி, அச்சகத்துக்கு நான் தவறுதலாக அழிக்காத படத்தை அனுப்பிவிட்டேன், அவர்கள் இந்தப் பிரதிக்கு அதைப் போட்டுவிட்டார்கள் என்றெல்லாம் நினைத்து, தெய்வமே என்று மூச்சு விட்டேன். பக்கத்தைத் திருப்பினேன். ஒட்டகச்சிவிங்கி. வலது கன்னத்தில் புள்ளி. அடுத்த பக்கத்தில் பலூனோடு நேராகப் பார்க்கிறாள், தாடையில் புள்ளி. புத்தகத்தைச் சன்னல் பக்கம் சாய்த்தேன். பளபளக்கும் தாளின் மேல் அந்தப் புள்ளிகள் மட்டும் மங்கலாக, கொஞ்சம் நீலமடித்து நின்றன. பேனாவால் வைத்தவை. ஒரு பக்கம் விடாமல்.

நிமிர்ந்தபோது மாமியார் அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மைதான் வச்சிப் பார்த்தேன். அந்தத் தாள்ல நிக்கல," என்றார். "அப்புறம் உங்க மாமாவோட பேனாவை எடுத்து வச்சேன்."

"எதுக்கு அத்தை?"

"புள்ள வெறும் மூஞ்சியா கீது. வரவங்க போறவங்க எல்லாம் இதைத்தான் எடுத்துப் பாக்கறாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு."

"நான்தான் அழிச்சேன்," என்றேன்.

"தெரியும். நான் வச்ச பொட்டு எனக்குத் தெரியாதா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நீ படிச்ச பொண்ணு, உனக்குப் புடிக்கல. சொன்னா வருத்தப்படுவேன்னு நீ சொல்லல. சரி, நீ உன் புக்குல அழிச்சிக்க, நான் என் புக்குல வச்சிக்கறேன்னு விட்டுட்டேன்."

இரண்டு வருடமாக இருவரும் ஒரே குழந்தையின் ஒரே கன்னத்தைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறோம். அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டேன். அவர் பயந்தார். ஆனால் நான் நினைத்தது போல இல்லை. என் அருகில் உட்கார்ந்து, எவ்வளவு பெரியது, தொட்டால் தடிப்பாக இருக்கிறதா, அவள் சொறிகிறாளா என்று டாக்டரைவிட அதிகமாகக் கேட்டார்.

"அப்போ எந்தக் கன்னம் அத்தை? நிச்சயமா வலதுதானா?"

யோசித்தார். புத்தகத்தை எடுத்துத் தாம் வைத்த புள்ளிகளையே பார்த்தார். "தூக்கிகினு போறப்போ வெளிய தெரியற கன்னத்துல வைப்பேன்," என்றார். "இந்த இடுப்புல வச்சா இந்தக் கன்னம். கை வலிச்சா மாத்துவேன்." சொல்லிவிட்டு, சொன்னது எனக்கு உதவவில்லை என்று அவருக்கே புரிந்தது. "வலதுன்னுதான் நினைச்சேன். எங்கம்மா அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார். மகளைக் குளிப்பாட்டும்போது புள்ளியைப் பார்த்ததே இல்லையா என்று கேட்டேன். பார்த்த மாதிரியும் இருக்கிறது என்றார். தினம் மை தொடுகிற விரலுக்குக் கன்னத்தில் எது புதுசு, எது பழசு என்று எப்படித் தெரியும் என்றார். ஒன்றரை வருடம் பகல் முழுக்க அவளை வைத்திருந்தவரும் என்னைப் போலவேதான் இருந்தார் என்பது எனக்கு ஆறுதலா, இன்னும் பயமா என்று அப்போது தெரியவில்லை.

மாமனார் பாலோடு வந்தார். விஷயம் கேட்டதும் போனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அவர் படம் எடுப்பதை நான் ரசித்ததில்லை. தலை வெட்டுப்படும். பாதிப் படத்தில் அவர் விரல் இருக்கும். ஆள் தயாராவதற்கு முன்னால் எடுப்பார், தயாரானதும் நிறுத்திவிடுவார். கை நடுங்குவதால் எதையும் மூன்று தடவை அழுத்துவார். மூன்றும் மூன்று விதமாகக் கலங்கியிருக்கும். அவற்றைக் குடும்பக் குழுவில் போடுவார். நான் பார்க்காமலே நல்லா இருக்கு மாமா என்று எழுதுவேன். எதையும் நீக்கத் தெரியாதவர் என்பதால் எல்லாம் அப்படியே இருந்தன: பேருந்து சன்னல், யாரோ ஒருவரின் முதுகு, மாமியாரின் செருப்பு, தட்டில் இட்லி மூன்று தடவை.

மைசூர் வந்தது. அரண்மனை இல்லை. லாட்ஜ் அறை, காலை. மாமியார் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார், மடியில் மகள், தலை நிறைய எண்ணெய், உடம்பில் சட்டை இல்லை, இன்னும் குளிப்பாட்டவில்லை. ஓரத்தில் நான், நைட்டியில், வாய் திறந்தபடி, எடுக்காதீங்க மாமா என்று கேமராவை நோக்கிக் கை நீட்டிக்கொண்டு. அந்தக் காட்சி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அப்போதே நீக்கச் சொன்னேன். சரிம்மா என்று சொன்னார்.

மகள் முகத்தைத் திருப்பியிருந்தாள். இடது கன்னம் இந்தப் பக்கம். அதில் என்னவோ இருந்தது.

பெரிதாக்கினேன். கட்டம் கட்டமாக உடைந்தது. சிறிதாக்கினேன். மறுபடி இருந்தது. மூன்று பேரும் தலைகளை ஒட்டிக்கொண்டு பார்த்தோம். மூன்று படத்திலும் அதே இடத்தில், காதுக்கும் வாய்க்கும் நடுவில்.

"குளிக்கறதுக்கு முன்னாடி பொட்டு ஏது?" என்றார் மாமியார். "அது மச்சம்தான்."

"முந்தின நாள் வச்சதா இருந்தா?"

"படுக்கறதுக்கு முன்னாடி எண்ணெய் தொட்டு தொடைச்சிடுவேன். தலகாணில ஒட்டிக்குமே."

"அன்னிக்கும் தொடைச்சீங்களா அத்தை?"

அவர் மறுபடி படத்தைப் பார்த்தார். "நாள் முழுக்க சுத்தினோம். வந்து விழுந்ததுதான் தெரியும்," என்றார்.

மறுநாள் காலைப் படம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது, ஓட்டல் மேசை. மகளின் முகம் முழுக்கச் சாம்பார். அதற்குப் பிறகு இதே வீட்டில் எடுத்தவை நிறைய. ஒன்றில் இடது கன்னம் மாமியாரின் தோளில் புதைந்திருந்தது. ஒன்றில் ராகிக் கூழ். ஒன்றில் அவள் அசைந்துவிட்டதால் கன்னமே ஒரு கோடாக ஓடியது. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுப் போகும்போது எனக்கு வேறொன்றும் குழப்பமாக இருந்தது. இந்தக் குழந்தையை எனக்கு நன்றாகத் தெரியும். சாம்பார் முகம், எண்ணெய்த் தலை, யார் மீதோ கோபமான அந்த உதடு. என் ஆல்பத்தில் இருப்பவள் இவளைவிட அழகு, ஆனால் இவளைத்தான் நான் தினம் தூக்குகிறேன். அதற்காக என் படங்களைப் பொய் என்று சொல்லவும் மனசு வரவில்லை. அந்த மஞ்சள் கவுனும் நான்தான் இஸ்திரி போட்டது. அந்தச் சிரிப்பும் அவள் சிரித்ததுதான். ஒரு பொட்டை மட்டும்தான் எடுத்தேன்.

நான் நீக்கச் சொன்ன படத்தை ஏன் நீக்கவில்லை என்று மாமனாரிடம் கேட்டேன். உனக்குத் தெரியாம இருக்கட்டுமே என்று விட்டேன் என்பார், அல்லது ஞாபகமாக இருக்கட்டும் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"எப்படி நீக்கறதுன்னு தெரியலம்மா," என்றார்.

குழுவில் அனுப்பினால் படம் மேலும் கெட்டுவிடும் என்று, கேபிள் போட்டு அந்த மூன்றையும் என் போனுக்கு நானே மாற்றிக்கொண்டேன். நைட்டியோடு நான் இருக்கும் பகுதியை வெட்டிவிடலாமா என்று கை போனது. வெட்டவில்லை. இதற்கு மேல் எதையும் தொட எனக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை கணவரும் விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். தோல் டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். மகளின் கன்னத்தில் ஒரு விளக்கு வைத்த லென்ஸை ஒட்டிப் பார்த்தார். அவள் அழாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போட்டோ எடுக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள். பிறகு என் போனை வாங்கி லாட்ஜ் படத்தைப் பார்த்தார். நான் பொட்டு, எண்ணெய், அழிப்பான், கண்ணாடி இடது வலது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. இது மையாக இருந்தால் இன்னும் கறுப்பாக இருக்கும் என்றார். பிறகு, ஆனால் அறை விளக்கு மஞ்சளாக இருக்கிறது என்றார். பிறகு, இருந்திருக்கலாம் என்றார்.

"இருந்துச்சுன்னு சொல்லலாமா டாக்டர்?"

"இருந்திருக்கலாம்," என்று மறுபடி சொன்னார். லென்ஸில் பார்த்தவரையில் மச்சம் ஒழுங்காக இருக்கிறது, ஓரம் சீராக இருக்கிறது, இப்போது கவலைப்பட ஒன்றுமில்லை. இனிமேல் வளர்கிறதா என்பதுதான் முக்கியம். மாதம் ஒரு தடவை, அதே இடத்தில், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ. மூன்று மாதம் கழித்து வாருங்கள். முகத்தை அழகாக்கும் எதுவும் கேமராவில் ஓடக்கூடாது. கடைசியாகச் சொன்னதை என் கணவரைப் பார்த்துச் சொன்னார். அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

அன்றைக்கு வெளியே வந்ததும் நாங்கள் மூவரும் ஆளுக்கொரு இளநீர் குடித்தோம். நிம்மதியாகத்தான் இருந்தது. பாதி குடிப்பதற்குள், சீராக இருக்கிறது என்றாரே, எவ்வளவு சீராக என்று கேட்காமல் விட்டோமே என்று தோன்றியது.

முதல் படம் பால்கனியில் எடுத்தேன், காலை ஒன்பது மணிக்கு. மகளுக்குக் கேமரா என்றால் தலையைச் சாய்த்துச் சிரிக்க வேண்டும் என்று நான்தான் பழக்கியிருக்கிறேன். சிரித்தால் கன்னம் உப்பி மச்சம் பெரிதாகத் தெரிகிறது. சிரிக்காதே கண்ணு என்று சொன்னேன். அப்படி ஒரு வார்த்தையை அவளிடம் சொல்வேன் என்று நினைத்ததில்லை. அவள் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். அந்த முகத்தோடுதான் படம் விழுந்தது. கன்னத்தில் ஸ்கேலின் ஓரம், வாயோரம் பால் காய்ந்த கோடு, மூக்குக்குக் கீழே ஒரு கீறல். அதை அப்படியே வைத்துக்கொண்டேன். தொடவில்லை.

இரண்டாம் மாதப் படம் நேற்று எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலில் ஒரே அளவாகத் தெரிகிறது. கொஞ்ச நேரம் பார்த்தால் இரண்டாவதில் ஒரு நூல் பெரிதாகத் தெரிகிறது. ஸ்கேல் சாய்ந்திருக்கிறது என்கிறார் கணவர். நான் ஸ்கேல் சாயாமல் மூன்று தடவை எடுத்தேன். மூன்றும் மூன்று அளவு. டாக்டரிடம் போக இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் போன் செய்து கேட்டால் என்ன நினைப்பார், கேட்காவிட்டால் நான் என்ன அம்மா என்று இரண்டு பக்கமும் யோசித்துவிட்டு, இரண்டு படங்களையும் ஈஜிபுராவுக்கு அனுப்பினேன். உற்றுப் பாருங்கள், ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டு எழுதினேன்.

இன்று காலை மாமனாரிடமிருந்து பதில் வந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார்களாம்.

"ரெண்டும் நல்லா கீதும்மா. ரெண்டாவதுல தலை வாரல."

எடுத்துப் பார்த்தேன். ஆமாம், வாரவில்லை.